கண்டி டிரிப்பைப் பகலில் போவோம்



தவணை விடுமுறை நெருங்குகிறது. ஊரில் வேன் ஹயர் பேசத் தொடங்கிவிட்டார்கள். கண்டி, நுவரெலியா, திரும்பி வரும்போது எல்ல, பதுளை. பாதை முடிவானால் அடுத்த கதை சாப்பாடு. அதிலும் பெரிய யோசனை ஒன்றுமில்லை. சட்டி, பானை, கேஸ் குக்கர், அரிசி, பொரித்தெடுத்த கோழி, ஒரு போத்தல் மாசிச் சம்பல், எல்லாம் பின் சீற்றுக்குக் கீழே ஏறிவிடும். வெளிநாட்டுக்காரர் மோட்டர்ஹோம் என்று வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதை யூடியூபில் பார்த்து அதிசயப்படுகிறோம். எங்கட டொல்பின் வேனும் கிட்டத்தட்ட அதுதான். படுக்கை மட்டும் இல்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். அவர்கள் எந்த ஊரில் எது நல்லதோ அதை வாங்கித் தின்று பார்ப்பதற்காகவே சின்னப் பாதைகளைத் தேடிப் போகிறார்கள். எங்கட வேன் ஊர்ச் சாப்பாட்டை நுவரெலியா வரைக்கும் சுமந்துபோய், அங்கே பாய் விரித்துத் தின்றுவிட்டுத் திரும்புகிறது. இதில் காசு மிச்சம் என்பது உண்மை. பதினான்கு பேரை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் கடையில் சாப்பிட இன்றைய விலையில் யாராலும் முடியாது. அதனால் பானையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. பகல் சோறு எங்கட பானையிலேயே இருக்கட்டும். காலைச் சாப்பாட்டையும் பின்னேரத் தேத்தண்ணியையும் வழியில் உள்ள கிராமங்களில் வைத்துக்கொள்வோம். கேட்பது இவ்வளவுதான்.

அதற்கு முதலில் பகலில் போக வேண்டும். கல்முனை, சம்மாந்துறைப் பக்கமிருந்து கண்டிக்குச் சுமார் 200 கிலோமீற்றர். இஷா தொழுதுவிட்டு வெளிக்கிட்டு சுபஹுக்குக் கண்டியில் நிற்பதுதான் ஊர் வழக்கம். அம்பாறை தாண்டுமுன்னமே பிள்ளைகள் தூங்கிவிடும். உகணை, மகா ஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை, ஹசலக, 18 வளைவு, உன்னஸ்கிரிய எல்லாம் கண்ணாடிக்கு வெளியே வெறும் இருட்டு. கேட்டால் கண்டிக்கு மூன்று தரம் போயிருக்கிறேன் என்று வகுப்பில் கை உயர்த்துவார்கள். பாதையில் என்ன பார்த்தாய் என்றால் பதில் இல்லை.

எங்களைக் கேட்டால், கண்டியைவிடக் கண்டிக்குப் போகிற பாதைதான் அழகு. உலர் வலயம், ஈர வலயம் என்று கரும்பலகையில் படம் கீறிக் கீறிப் படிப்பிக்கிற விசயம் 18 வளைவில் ஏறும்போது கண்ணுக்கு முன்னால் நடக்கும். கீழே மஹியங்கனைச் சமவெளியும் மகாவலியும் வெயிலில் கிடக்கும். ஏற ஏறக் காற்றுக் குளிர்ந்து, மிளகுக் கொடியும் கித்துள் மரமும் தேயிலையும் தொடங்கும். தெல்தெனியப் பக்கம் விக்டோரியா நீர்த்தேக்கம் தெரியும். பழைய தெல்தெனிய நகரம் அந்தத் தண்ணிக்குள்தான் கிடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் வேனுக்குள் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. யானை நடமாடுகிற பாதையில் இரவில் ஓடாமல் இருப்பது சாரதிக்கும் நல்லது.

இனிச் சாப்பாடு. பதியத்தலாவயிலிருந்து மஹியங்கனை வரை வீதியோரத்தில் சோளன் அவிக்கிற கொட்டில்கள். அந்தப் பக்கத்துக் காணிகளில் மழையை நம்பிச் செய்கிற சோளன், உப்புத் தண்ணியில் அவித்துச் சூடாகத் தருவார்கள். காலையில் போனால் இலைக்கஞ்சி கிடைக்கும். சிங்களத்தில் கொல கெந்த. சிவப்புப் பச்சையரிசியைக் குழைய அவித்து, தேங்காய்ப் பாலும் வல்லாரை மாதிரி ஏதாவது ஓர் இலையின் சாறும் விட்டுக் காய்ச்சுவது. கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்த எங்களுக்கு இது அந்நியமான சாமான் இல்லை. குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும், இடியப்பத்துக்குள் தேங்காய்ப்பூவும் பாணியும் வைத்து மடிக்கிற லவாரியா, இலையில் சுற்றி அவிக்கிற ஹெலப என்று இன்னும் இருக்கிறது. மலைப்பக்கம் கித்துள் பாணி வாங்கலாம். எங்கட ஊர் எருமைத் தயிருக்கு அந்தப் பாணியை விட்டுப் பார்த்தவர்களுக்குச் சீனி பிடிக்காது.

கன்னொருவையில் விவசாயத் திணைக்களத்தின் ஹெல பொஜுன் இருக்கிறது. பேராதனைப் பூங்காவுக்குப் போகிறவர்களுக்குக் கிட்டத்தான். கிராமத்துப் பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிறார்கள், உள்ளூர்த் தானியம், கிழங்கு, இலைதான் பெரும்பாலும். வடக்கில் அம்மாச்சி என்று பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி. கோதுமை இந்த நாட்டில் விளைவதில்லை. 2022இல் பாணுக்கு என்ன பாடுபட்டோம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டோம். குரக்கனைத் தெரிந்துவைப்பது பிள்ளைகளுக்கு நல்லது.

“சேர், ஹலால்?” என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதை லேசாக எடுக்கச் சொல்ல மாட்டோம். மேலே சொன்னவற்றைத் திரும்பப் பாருங்கள். சோளன், கஞ்சி, குரக்கன், தேங்காய், பாணி, தயிர். ஒன்றிலும் இறைச்சி இல்லை. கித்துள் கள் வேறு, பதநீரைக் காய்ச்சி எடுக்கிற பாணி வேறு. பொரித்த சாமான் என்றால் எந்த எண்ணெய், அதில் வேறு என்ன பொரித்தார்கள் என்று கேட்க வேண்டும், திருப்தி இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். 2013இல் ஹலால் இலச்சினை பெரிய பிரச்சினையாக்கப்பட்ட பிறகு, அந்தச் சொல்லைக் கடையில் உச்சரிக்கவே கூச்சப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லே தேவையில்லை. “மஸ் தாலாத, அம்மே?” என்று கேட்டால் போதும். சைவம் சாப்பிடுகிற பௌத்தர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

இதை வெறும் வாய் ருசிக்காக எழுதவில்லை. 2018 பெப்ரவரிக் கடைசியில் அம்பாறை நகரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் கறிக்குள் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற வதந்தி. கடையை உடைத்தார்கள், பள்ளியை உடைத்தார்கள். பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துவிட்டு அது மாக்கட்டி என்றார். அதே நாட்களில்தான் வீதித் தகராறொன்றில் எங்கட சமூகத்து இளைஞர்கள் தாக்கிய சிங்களச் சாரதி ஒருவர் மரணித்தார். அதைச் சாட்டாக வைத்து மார்ச் முதல் வாரம் தெல்தெனிய, திகனைப் பக்கம் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. நாடு முழுக்க அவசரகால நிலை. அடுத்த வருடம் ஏப்ரலுக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அம்பாறையில் தொடங்கித் திகனையில் முடிகிறது. நாங்கள் இரவில் தூங்கிக்கொண்டு போகிற அதே பாதை. எங்கட கடையில் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிடாத ஆளிடம் மாத்திரைக் கதையை விற்பது லேசு. அவர்கள் கடையில் ஒரு நாளும் உட்காராத எங்கட பிள்ளையிடமும் நாளைக்கு இன்னொரு கதையை விற்கலாம். ஆறாம் ஆண்டிலிருந்து சிங்களத்தை இரண்டாம் தேசிய மொழியாகப் படிப்பிக்கிறோம். பரீட்சையில் 80 எடுக்கிற பிள்ளை, சிங்களத்தில் ஒரு பிளேன்டீ கேட்காமலே பாடசாலையை முடித்துவிட்டுப் போகிறது.

போன விடுமுறையில் ஆசிரியர் குடும்பங்கள் மூன்று சேர்ந்து பகலில் போனோம். ஹசலகப் பக்கம் ஒரு கொட்டிலில் கஞ்சி குடிக்க இறங்கினோம். கடைக்கார அம்மா பிள்ளைகளைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். எட்டாம் ஆண்டு படிக்கிற ஒரு பிள்ளை பாடப்புத்தகச் சிங்களத்தில் பதில் சொன்னது. அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, ஆனால் பேச்சை விடவும் இல்லை. உங்கட ஊரில் என்ன விசேஷச் சாப்பாடு என்று அடுத்த கேள்வி. பிள்ளை யோசித்துவிட்டு, கொத்து ரொட்டி, ப்ரைட் ரைஸ் என்றது. அது கண்டியிலயும் இருக்கே மகள் என்றார் அந்த அம்மா.

அந்தப் பிள்ளையில் குற்றமில்லை. அறுகம்பைக்கும் தீகவாபிக்கும் பாசிக்குடாவுக்கும் வருகிற சிங்களக் குடும்பங்கள் எங்கட ஊர் வீதிகளால்தான் போகின்றன. அவர்களுக்கு எங்கட கடைகள் கொடுப்பதும் அதுவேதான். புளியாணம் எந்தக் கடையில் இருக்கிறது? மாசிச் சம்பலோடு புட்டு? குரக்கன் புட்டு? வட்டிலப்பம் பெருநாளைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வருகிறது. இவ்வளவையும் வீட்டில் அசையாமல் செய்கிற ராத்தாமார், மாமிமார் எங்கட ஊரில் எத்தனை பேர்! அவர்களில் கணவன் இல்லாமல் பிள்ளை வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருடா வருடம் தையல் மெசின்தான் கொடுக்கிறோம்.

டிரிப் போகிறவர்களுக்கு ஒன்று, இது கோபத்தில் சொல்வது. 18 வளைவில் லன்ச் ஷீற்றையும் யோகட் கப்பையும் வீசிவிட்டு வராதீர்கள். எந்த வேன் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. பள்ளி நிருவாகமோ இளைஞர் கழகமோ பிரதான வீதியில் நிழலுள்ள ஓர் இடத்தை விடுமுறை வாரங்களுக்கு மட்டும் ஒழுங்குபண்ணித் தந்தால், நாலு ராத்தாமாரை வைத்துப் புட்டு, இலைக்கஞ்சி, வட்டிலப்பம் என்று தொடங்கலாம். முதல் செலவு இரண்டு மேசையும் ஒரு தறப்பாளும்தான், அதற்கு ஆசிரியர்கள் நாங்கள் காசு சேர்க்கிறோம். ஒவ்வொரு சாமானிலும் என்ன போட்டிருக்கிறது என்று சிங்களத்தில் போர்ட் வைக்க வேண்டும். அதை ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதுவார்கள், எழுத்துப் பிழையைச் சிங்களப் பாட ஆசிரியர் பார்த்துத் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.