வான் பின்னால வந்தால் வெட்கமா?

போன கிழமை எங்கட சயிக்கிள் வாட்ஸ்அப் குழுவில் ஜூலைப் பயணத்துக்கான அட்டவணையைப் போட்டேன். மூன்று நாள், பதினொரு பேர். லிண்ட்சேயிலிருந்து பழைய ரயில் பாதை வழியே ஹாலிபர்ட்டன் வரை போய், ஒரு நாள் அங்கத்தைய காட்டுக் கிறவல் ரோட்டுகளில் சுற்றிவிட்டுத் திரும்புவது. முதல் வரியில் வான் ஓட்டப்போகிறவரின் பெயரை எழுதியிருந்தேன்.

பத்து நிமிடத்துக்குள் ஒரு தம்பி பதில் போட்டான்: "அண்ணா, வான் எதுக்கு? எங்கட அப்பாமார் ஒரு சயிக்கிளில குடும்பத்தையே ஏத்திக்கொண்டு போனவங்கள். நாங்கள் என்ன பேபியளா?" அதுக்குக் கீழே பதினாறு பேர் நெருப்புப் படம் போட்டிருந்தார்கள். வரப்போவது பதினொரு பேர், நெருப்புப் போட்டது பதினாறு பேர்.

அவனுக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன். என்ர கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆளில்லாத பக்கம் குழுவாகப் பல நாள் ஓடுகிறவர்கள், வானைப் பற்றி வெட்கப்படுவதை விட்டுவிட்டு, அதை ஒழுங்காகத் திட்டமிடப் பழக வேண்டும். அது தெரியாத குழு, குழு இல்லை. ஒரே நாளில் ஒரே பாதையில் ஓடுகிற தனித்தனி ஆட்கள், அவ்வளவுதான்.

முதலில் அந்த "அப்பாமார்" கதை. எங்கட தலைமுறைக்கு இது ஒரு வசதியான கதையாகிவிட்டது. வோபர்னில் சூடேற்றின வீட்டில் வளர்ந்தவர்கள், தங்கள் வீரத்தைக் காட்ட யாழ்ப்பாணத்துச் சயிக்கிளை இரவல் எடுக்கிறோம். நான் நேரே பெரியப்பாவிடம் போய்க் கேட்டேன். அவர் மார்க்கம் ரோட்டில், எங்கட வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருக்கிறார்.

1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வருவது நின்றபோது, சயிக்கிள்தான் அங்கே லொறி, சயிக்கிள்தான் அம்புலன்ஸ். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது பெரியப்பா அப்பம்மாவைக் கரியரில் இருத்தி, ஹாண்டிலில் இரண்டு பையைக் கொழுவிக்கொண்டு நாவற்குழிப் பக்கம் நடந்தார். "ஓடினதோ?" என்று கேட்டேன். "ஆர் ஓடினது? சனத்துக்குள்ள மிதிக்கவே ஏலாது. மழை வேற. விடியும் வரைக்கும் உருட்டினது. பின்னால ஒரு பெடியன், ஆரெண்டே தெரியாது, அப்பம்மா விழாமல் பிடிச்சுக்கொண்டு வந்தவன்." பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அண்டைக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் வந்திருந்தால் நான் அவன்ர காலில விழுந்திருப்பன்."

கேட்டியா தம்பி? ஒரு வாகனம் கிடைக்காதா என்று அழுத சனத்தை, வாகனம் வேண்டாம் என்று சொல்வதற்குச் சாட்சியாகக் கூப்பிடாதே. அவர்களே தனியாகப் போகவில்லை. பேர் தெரியாத ஒரு பெடியன் பின்னால் பிடித்துக்கொண்டு வந்தான்.

இனி என்ர பிழையைச் சொல்கிறேன். போன வருடம் இதே பாதைக்குத் திட்டம் போட்டவன் நான். எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் செய்தவன், சேர்வர் விழுந்தால் என்ன செய்வது என்று கொம்பனிகளுக்குத் திட்டம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். நிறம் நிறமாக ஒரு எக்செல் ஷீட் செய்தேன். லிண்ட்சேயிலிருந்து கின்மவுண்ட் 55 கிலோமீட்டர், அங்கிருந்து ஹாலிபர்ட்டன் 36. மொத்தம் 91. அதை மணிக்கு 20 என்ற வேகத்தால் பிரித்தேன். நாலரை மணித்தியாலம். காலை ஒன்பதுக்குப் புறப்பட்டால், இடையில் சாப்பிட்டாலும் மூன்று மணிக்கு ஹாலிபர்ட்டனில் குளிக்கலாம்.

அந்த 20 எங்கிருந்து வந்தது? மெடோவேயில், தார் போட்ட பாதையில், எங்கட குழுவின் வேகமான நாலு பேர் சனிக்கிழமைகளில் ஓடும் வேகம் அது. லிண்ட்சேக்கு வடக்கே நிலம் வேறு. ஏ.டி.வி. வண்டிகள் கிளறின மணலும் உருளும் கல்லும். ரயிலுக்காக வெட்டின பாதை என்பதால் ஏற்றம் கடுமையில்லை, ஆனால் சும்மா உருண்டு இறங்க இறக்கமும் இல்லை. முழுநேரமும் மிதிக்க வேண்டும். நின்று தண்ணீர் குடிப்பது, ரியூப் மாற்றுவது எல்லாம் சேர்த்தால் எங்களைப் போல கலப்புக் குழு மணிக்கு 12, 13 போனால் பெரிய காரியம்.

பெரியப்பாதான் வான் ஓட வந்தார். "நீங்கள் நேரே ஹாலிபர்ட்டனுக்குப் போய் மோட்டல் சாவியை எடுத்து வையுங்கோ" என்று அனுப்பினோம். அவர் கேட்டார்: "பெடியள் களைச்சால்?" நாங்கள் சிரித்தோம். "போன் பண்ணுவம் பெரியப்பா."

பேர்ன்ட் ரிவர் தாண்டி, நாற்பத்தைந்தாவது கிலோமீட்டருக்கு அங்கால, பத்தொன்பது வயதுத் தங்கச்சி ஒருத்தி பின்தங்கினாள். வெயில் கொதிக்கிற நாள். தண்ணீர்ப் போத்தல் இரண்டும் எப்பவோ முடிந்துவிட்டது. மற்றவர்களை மறிக்க வெட்கப்பட்டு அவள் யாரிடமும் சொல்லவில்லை. முன்னால் போன நாங்கள் கின்மவுண்டில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நின்றோம். ஆட்களை எண்ண எனக்கு இருபத்தைந்து நிமிடம் பிடித்தது. இரண்டு பேர் குறைவு. போனில் சிக்னல் இல்லை.

திரும்பி ஓடிப் போனபோது அவள் பாதையோர நிழலில் கிடந்தாள். தலைசுற்று, வாந்தி. கூட நின்ற சிநேகிதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வழியில் வந்த ஏ.டி.வி.க்காரர் ஒருவர் தன் ஐஸ் பெட்டியைத் திறந்து அவளின் கழுத்தில் குளிர்தண்ணீர்த் துணியைப் போட்டு, பிறகு மெதுவாக ரோட்டுக் கடவைக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றத்தானே எங்களிடம் ஒரு வான் இருந்தது? அது ஹாலிபர்ட்டன் மோட்டலில் எங்கட பெட்டிகளைக் காவல் காத்துக்கொண்டு நின்றது.

அன்றிரவு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போது அவள் என்னைக் கேட்டாள்: "அண்ணா, நான் ட்ரிப்பைக் கெடுத்திட்டனா?"

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன். வான் பின்னால் வருவதற்கு வெட்கப்பட்ட ஆள், வெட்கப்பட வேண்டிய இடம் இதுதான். அவள் ஒன்றையும் கெடுக்கவில்லை. 91-ஐ 20-ஆல் பிரித்தவன் கெடுத்தான்.

"தன் கையே தனக்கு உதவி" என்ற இந்தச் சட்டம் சயிக்கிள் உலகத்துக்குள் எப்படி வந்தது தெரியுமா? போட்டிகளிலிருந்து. 1913 டூர் டி பிரான்ஸில் யூஜின் கிறிஸ்தோப் என்ற வீரருக்கு டூர்மலே மலையில் முன் ஃபோர்க் உடைந்தது. யாரும் உதவக்கூடாது என்பது விதி. சயிக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஒரு கொல்லன் பட்டறைக்குப் போய், அதிகாரிகள் பார்த்துக்கொண்டு நிற்க, மணிக்கணக்கில் தானே ஒட்டிச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு சின்னப் பெடியன் உதவினான் என்பதற்காகப் பத்து நிமிடத் தண்டனை கொடுத்தார்கள்! இன்றைக்கு அதே போட்டியில் ஒவ்வொரு அணிக்குப் பின்னாலும் சயிக்கிள் அடுக்கின கார்கள் ஓடுகின்றன. அவர்களை யாராவது பேபியள் என்கிறோமா?

பான்ஃபில் தொடங்கி அமெரிக்காவின் தெற்கு எல்லை வரை போகிற டூர் டிவைட் போன்றவற்றில் இன்றும் உதவி எடுக்கக்கூடாது. அது நியாயம். போட்டியில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். அதற்கென்று பயிற்சி எடுத்தவர்கள் போகிறார்கள். உனக்கும் அந்த ஆசை இருந்தால் ஒன்ராறியோவிலேயே இடமிருக்கிறது. தென்மேற்கில் பட்டர் டார்ட் 700, ஒட்டாவாப் பள்ளத்தாக்குப் பக்கம் 800 கிலோமீட்டர் லொக் டிரைவர்ஸ் வால்ட்ஸ். தனியாகப் போ, நான் கைதட்டுவேன். ஆனால் போன மாதம்தான் சயிக்கிள் வாங்கின பத்தொன்பது வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, உன்ர சோதனையை அவள் எழுதவேண்டும் என்று எதிர்பார்க்காதே.

இதில் காசுக் கதையும் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. வான் இல்லாமல் மூன்று நாள் போக இறுக்கமான சயிக்கிள் பைகள், பாரமில்லாத கூடாரம், சின்ன அடுப்பு, செய்மதிக் கருவி எல்லாம் வேண்டும். சயிக்கிளின் விலைக்கு மேலே இன்னொரு சயிக்கிளின் விலை. வான் இருந்தால் அகல ரயர் போட்ட பழைய மவுண்டன் பைக் போதும், உடுப்பைப் பள்ளிக்கூடப் பையில் கொண்டுவரலாம், அம்மா கட்டித்தந்த புட்டும் சம்பலும் கூலரில் வரும். "உதவியில்லாத பயணமே உண்மையான பயணம்" என்று சொல்கிறவன், தெரிந்தோ தெரியாமலோ, வோபர்ன் அப்பார்ட்மெண்டிலிருந்து வருகிற பாதிப் பேருக்குக் கதவைச் சாத்துகிறான். வான் வருகிறது, தெரிந்த ஒரு பெரியவர் ஓட்டுகிறார் என்று சொன்னால்தான் பல வீடுகளில் பெட்டைப் பிள்ளைகளை விடுகிறார்கள் என்பதும் உனக்குத் தெரியும். அது சரியோ பிழையோ, வேறு சண்டை. அதுவரைக்கும் அவர்களை வீட்டில் விட்டுவிட்டா போவது?

நாங்கள் ஓடுகிற அந்தப் பாதையே இதைப் பற்றிச் சொல்லும். 1874-இல் அந்த விக்டோரியா ரயில் பாதையில் வேலை தருவதாகச் சொல்லி ஐஸ்லாந்திலிருந்து வந்த சுமார் 350 பேரைக் கின்மவுண்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். நெருக்கடியான கொட்டில்கள், நோய், முதல் பனிக்காலம். பல குழந்தைகள் செத்துப்போனார்கள். அடுத்த வருடமே பெரும்பாலானோர் மனிடோபாப் பக்கம், கிம்லிக்குப் போய்விட்டார்கள். கின்மவுண்டில் அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஆட்களைத் தூர இடத்துக்குக் கொண்டுபோகிறவர்கள், அங்கே அவர்களைத் தாங்குவதற்கு என்ன வைத்திருக்கிறோம் என்று யோசிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. வந்தேறிகளின் பிள்ளைகளான எங்களுக்கு அதைப் பார்த்துவிட்டு ஐஸ்கிரீமுக்குப் போக முடியாது. போன வருடம் நான் அதைப் பார்க்கவேயில்லை.

ஆகவே இந்த வருட அட்டவணை இப்படித்தான் இருக்கும். பிடிக்காதவர்கள் இப்பவே விலகலாம்.

வேகம் 12. மெதுவான ஆளின் வேகம்தான் குழுவின் வேகம். அதனால் முதல் நாள் கின்மவுண்டோடு முடியும். 55 கிலோமீட்டர், மிச்சம் அடுத்த நாள்.

வான் முன்னால் ஓடாது. பாதை ரோட்டைக் கடக்கிற இடங்களில், ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு ஒருக்கால் நிற்கும். கடைசி ஆள் வந்து, தண்ணீர் நிரப்பி, தாண்டிப் போன பிறகுதான் அடுத்த இடத்துக்கு நகரும்.

திட்டம் போன் இல்லாமல் நடக்க வேண்டும். சந்திக்கும் இடங்களும் நேரங்களும் கடதாசியில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும். குறித்த நேரத்துக்கு மேல் 30 நிமிடம் பிந்தினால், யாரும் யோசிக்கத் தேவையில்லை, இரண்டு பேர் தண்ணீரோடு திரும்பிப் போவார்கள். செய்மதி வழியே அவசரச் செய்தி அனுப்பக்கூடிய போன் குறைந்தது இரண்டு இருக்கும், ஒன்று முன்னால், ஒன்று கடைசியில்.

குழுவின் பலமான ஆள் கடைசியாக ஓடுவார். நெருப்புப் படம் போட்டவர்களிலிருந்து ஆள் எடுக்கப்படும்.

ஒவ்வொருவரும் தன் சயிக்கிளுக்குரிய டெரெய்லர் ஹேங்கர் ஒன்றை வானில் போடவேண்டும். அது சயிக்கிளுக்குச் சயிக்கிள் வேறு, காட்டுக்குள் இரவல் கிடைக்காது.

"ஏறுறன்" என்று ஒருவர் சொன்னால் வான் கதவு திறக்கும். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது, பகிடி விடக்கூடாது, வாட்ஸ்அப்பில் போடக்கூடாது.

கடைசியாக, வான் ஓட்டுகிறவர் எங்கட வேலையாள் இல்லை. அன்றைய நாளின் தலைவர் அவர். வெயிலைப் பார்த்து நிறுத்துவோம் என்று அவர் சொன்னால் நிறுத்துவோம். ஒவ்வொரு நாளும் ஓடுகிறவர்களில் ஒருவர் அரை நாள் அவரிடமிருந்து ஸ்டியரிங்கை வாங்கவேண்டும். போன வருடம் பெரியப்பா அந்தக் கார் பார்க்கில் மூன்று மணித்தியாலம் தனியே இருந்து பிஸ்கட் சாப்பிட்டார். திரும்பி வந்து போட்ட குழுப் படத்தில் அவர் இல்லை. எடுத்ததே அவர்தான்.

இந்த முறையும் வருவீர்களா என்று கேட்டேன். "காசு குடுத்துக் கிறவல் ரோட்டில இடிபடப் போறியள், விசர்" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "இந்த முறை நான் எங்க நிக்கவேணும்?"

போன வருடம் அவரிடம் நான் வாங்கியிருக்க வேண்டிய கேள்வி அது. தம்பி, உன்ர அடுத்த பயணத்துக்கு நீ திட்டம் போடும்போது அந்தக் கேள்விக்கு முதலில் பதில் எழுது. வான் எங்கே நிற்கும் என்று தெரியாத பயணத்துக்கு என்னைக் கூப்பிடாதே.