ஏற்றுமதிக்கு ஒரு கவனம், உள்ளூருக்கு ஒரு கவனமா?



உலகில் விளையும் வாழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நம் நாட்டில்தான் விளைகிறது. ஆனால் ஏற்றுமதியில் முதலிடம் ஈக்வடார் நாட்டுக்கு. நம் பழத்தில் சத்துக் குறைவா? இல்லவே இல்லை. நூறு கிராம் வாழைப்பழத்தில் சுமார் 90 கலோரியும் 350 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. வைட்டமின் பி6, நார்ச்சத்தும் இருக்கின்றன. விளைச்சலில் பெரும்பகுதி இங்கேயே விற்றுவிடுவது ஒரு காரணம். சரக்கைக் கையாளும் முறை இன்னொரு காரணம்.

தேனிப் பக்கம் வளைகுடா நாடுகளுக்கு அனுப்பும் ஜி-9 காயைப் பாருங்கள். முக்கால் பக்குவத்தில் வெட்டுகிறார்கள். தார் தரையில் படுவதில்லை. சீப்பாக அறுத்து, பால் போகத் தண்ணீரில் அலசி, உலர்த்தி, சுமார் 13 கிலோ அட்டைப்பெட்டியில் அடுக்குகிறார்கள். 13, 14 டிகிரி குளிரில் கப்பல் ஏறுகிறது.

அதே வாழை கோயம்பேட்டிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போகும்போது என்ன ஆகிறது? தார் மேல் தார் ஏற்றி, இறக்கும்போது வீசி, கடைக்கு வருமுன்பே அடிபட்டுவிடுகிறது. அடிபட்ட இடம் மறுநாளே கறுக்கிறது. நூறு பழத்தில் பதினைந்து கழிவானால் சில்லறைக் கடைக்காரருக்கு என்ன மிஞ்சும்?

பழவேற்காட்டுக் குப்பங்களில் கடை நடத்தும் அன்பர்களுக்குப் பக்குவம் புதிதல்ல. வெளிநாடு போகும் நண்டுக்குக் கொடுக்கைக் கட்டி, ஈரம் காயாமல், உயிரோடு அனுப்பும் ஊர் அது. இறால் கரைக்கு வந்ததும் ஐஸ் விழுகிறது. அந்தக் கவனத்தில் பாதி வாழைக்கும் கிடைக்கட்டும் என்கிறோம். ஆனால் ஐஸ் மட்டும் கூடாது! 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைத்தோல் கறுத்துவிடும். காய் சரியாகப் பழுக்காது. மீன் பெட்டி அருகிலோ பிரிட்ஜிலோ வைக்காதீர்கள். நிழலில், காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள்.

விடியுமுன் படகேறும் மீனவருக்கு, கை உப்புநீரில் நனைந்திருந்தாலும் தோலை உரித்துச் சாப்பிடக்கூடிய உணவு இது. அவருக்குக் கல் வைத்த பழத்தைக் கொடுப்பது தர்மமா? கார்பைட் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருக்கும். 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைத் தடை செய்துள்ளன. பழுக்கவைக்க எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் நூறு பங்கு வரை பயன்படுத்த 2016-இல் அனுமதி தந்துவிட்டார்கள். பிறகு கல் எதற்கு? அதிகாரி வந்து பறிமுதல் செய்தால் பெயர் கெடுவது கடைக்காரருக்குத்தான்.

மொத்த வியாபாரிகளாகிய நாம் சீப்பாக அறுத்து, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கித் தரவேண்டும். எப்படிப் பழுக்கவைத்தது என்று கேட்டால் பதில் சொல்லவேண்டும். சில்லறை வியாபாரிகள் அதற்காகும் சிறு கூலியைக் கொடுக்கத் தயங்கக்கூடாது. கழிவில் போகும் பணத்தைக் கணக்குப் பார்த்தால் கூலி பெரிதாகத் தெரியாது. திருச்சியில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தாரை அழைத்து, நம் சங்கம் ஒருநாள் பயிற்சி நடத்தலாம்.

வெளிநாட்டார் வாய்க்குப் போவதற்கு மட்டும்தான் பக்குவம் என்ற எண்ணம் மாறவேண்டும். நம் ஊர் வாடிக்கையாளரும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறார்.