வீட்டுப் பிள்ளைக்கு ஏது ஓ.ரி.?

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பராமரிப்பாளரை வேலைக்கு எடுக்கும்போது சம்பளத்தைப் பற்றிக் கதைக்க முதலே ஒரு வசனம் வந்துவிடும். "நாங்கள் உங்களை வேலைக்கு வந்த ஆள் மாதிரி நடத்தமாட்டம், வீட்டுப் பிள்ளை மாதிரித்தான்." கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் வேலை நேரம், லீவு, எது வேலை எது வேலை இல்லை என்ற மூன்றையும் ஒரே மூச்சில் அழித்துவிடுகிற வசனம் அது. அதோடு, இதைச் சொல்கிற சில வீடுகளில் அந்த 'வீட்டுப் பிள்ளை'க்கென்று தனியாக ஒரு தேத்தண்ணிக் கோப்பை குசினி மூலையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்தக் கோப்பைக்குள் சாதியும் இருக்கிறது, மலையகத்திலிருந்து வீட்டு வேலைக்குக் கூட்டி வரப்பட்ட பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. அதை விரித்து எழுத வேறொரு கட்டுரை வேண்டும்.

இதை எழுதுகிற 'நாங்கள்' கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். இரண்டு பேர் படிப்புச் செலவுக்காக வீடுகளில் பராமரிப்பு வேலை செய்கிறோம், ஒருவர் இரவில், மற்றவர் விடியக்காலையில். ஒருத்தி வீல்செயாரில் விரிவுரைக்கு வருபவள், அவளுக்கு உதவியாக ஒரு அக்கா வருகிறா. நாலாவது ஆளின் வீட்டில், போரின் கடைசி மாதங்களில் முதுகெலும்பில் காயப்பட்ட பெரியப்பாவைக் குடும்பமே பார்க்கிறது. ஆகவே இந்த விசயத்தில் நாங்கள் ஒரு பக்கத்து ஆட்கள் இல்லை. பராமரிப்பு வேலைக்கு எல்லை வேண்டுமா என்று மாதக்கணக்கில் சண்டை பிடித்து, வேண்டும், அதுவும் இரண்டு பக்கத்துக்கும் வேண்டும் என்ற இடத்துக்கு வந்திருக்கிறோம்.

இந்த வேலை என்னவென்று தெரியாமல்தான் பலர் நியாயம் கதைக்கிறார்கள். "இரவில வந்து படுத்தால் காணும் தம்பி, பெரிசா வேலை ஒண்டும் இல்லை" என்பார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாத ஒருவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் பக்கம் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லித்தரப்படும் முறை. இரவு 10 மணிக்குப் படுத்து காலை 6 மணிக்கு எழும்புகிறவர் என்றால் 12, 2, 4 என்று மூன்று தரம் எழும்பவேண்டும். எழும்பினால் மட்டும் போதாது. குதிக்கால், இடுப்பெலும்பு, நாரிக்குக் கீழே என்று எலும்பு தோலுக்குக் கிட்ட இருக்கிற இடங்களை ரோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும், கதீற்றர் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், சலப்பையை வெறுமையாக்கவேண்டும். தோல் சிவந்திருந்து அதை ஒரு இரவு கவனிக்காமல் விட்டால், அது புண்ணாகி ஆற மாதக்கணக்கில் எடுக்கலாம். ஒரு ஆளின் உயிரோடு சம்பந்தப்பட்ட முழிப்பு இது. இதற்குப் பெயர் 'வந்து படுக்கிறது'!

அப்படி முழித்திருந்தவரிடம் காலையில், "போற வழியில சின்னவனை ஸ்கூலில விட்டிட்டுப் போறியளோ?" என்று கேட்பார்கள். அடுத்த கிழமை குசினிப் பாத்திரம். பிறகு முன்வீட்டு அன்ரிக்கு பிறசர் பார்ப்பது. ஒவ்வொன்றும் சின்ன உதவிதான், மறுத்தால் நாங்கள்தான் மனிசத்தன்மை இல்லாதவர்கள். ஆனால் கதீற்றரை மாற்றிவிடு, குளிசையைக் கூட்டிக் குடு என்று கேட்கும் வீடுகளும் உண்டு. சலப்பையை வெறுமையாக்குவது எங்கள் வேலை. குழாயை மாற்றுவது பயிற்சி பெற்ற தாதியின் வேலை, மருந்தின் அளவு வைத்தியரின் வேலை. 'வீட்டுப் பிள்ளை' என்று வைத்துக்கொண்டால் இந்தக் கோடுகூட அழிந்துபோகிறது. பாத்திரம் கழுவினால் கைதான் நோகும், இதில் பிழைத்தால் ஆளுக்கு ஆபத்து.

எல்லை என்றால் வெள்ளைக்காரர் கதை, எங்கட ஆக்களுக்கு ஒத்துவராது என்று எங்கள் விரிவுரையாளர் ஒருவரே சொன்னார். ஏன் ஒத்துவராது? ரியூசன் மாஸ்டர் நேரம் முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறார். ஆஸ்பத்திரியில் தாதி டியூட்டி முடிந்ததும் போகிறா. ஒருவரும் அவர்களை அன்பில்லாதவர்கள் என்று சொல்வதில்லை. வீட்டுக்குள் வந்து செய்கிற வேலைக்கு மட்டும், அதுவும் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலைக்கு மட்டும், அன்பு ஒரு சம்பளக் கழிவு மாதிரி வந்து சேருகிறது. இதே வேலையைப் பயிற்சி எடுத்து இஸ்ரேலுக்குப் போய்ச் செய்தால் 'கெயார்கிவர்', ஊருக்குள் செய்தால் 'உதவிக்கு நிற்கிற பெட்டை'.

இவ்வளவும் வேலை செய்கிறவரின் பக்கம். எங்கள் சண்டையைத் திருப்பிப் போட்டது வீல்செயாரில் வருகிற தோழி சொன்னதுதான். "உங்களுக்கு லீவு இல்லை எண்டது பிரச்சினை. எனக்குக் கதவு இல்லை எண்டது பிரச்சினை" என்றாள். அவளுக்கு முதல் உதவிக்கு வந்தவர் உண்மையிலேயே வீட்டுப் பிள்ளை மாதிரித்தான் நடந்தாராம். தட்டாமல் அறைக்குள் வருவார். தொலைபேசியில் யாரோடு கதைத்தாள் என்று அம்மாவிடம் சொல்வார். கனடாவிலிருந்து காசு அனுப்புகிற மாமாவுக்கு ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில் படம் போகும்: இவள் சாப்பிடுகிற படம், நித்திரை கொள்கிற படம், ஒருநாள் தலை முழுகிவிட்டு வந்த படம். "பிள்ளை சந்தோசமா இருக்கிறா" என்ற குறிப்போடு. அவள் கேட்கவில்லை, அவளைக் கேட்கவும் இல்லை. குறை சொல்லப் போனால், "அவ உன்ரை அக்கா மாதிரியெல்லோ" என்று வீடு வாயை மூடிவிட்டது. வேலைக்கு வந்தவர் என்றால் இப்படிச் செய்யாதீர்கள் என்று சொல்லலாம், கேட்காவிட்டால் நிறுத்தலாம். அக்காவை எப்படி நிறுத்துவது?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் ஊரில் பல வீடுகளில் பராமரிக்கப்படுகிறவர் ஒருவர், காசு அனுப்புகிறவர் இன்னொருவர், கட்டளை போடுகிறவர் மூன்றாம் ஆள். பராமரிப்பாளர் யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? எங்கள் கருத்து: யாருடைய உடம்பைத் தொடுகிறோமோ அவருக்கு. எத்தனை மணிக்குக் குளிப்பது, என்ன உடுப்பது, யாரை அறைக்குள் விடுவது என்பது அவர் முடிவு. காசு ஸ்கார்புரோவிலிருந்து வருகிறது என்பதற்காக அவருடைய குளியல் நேரம் அங்கே தீர்மானிக்கப்படக்கூடாது. (சில ஏஜென்சிகள் இவர்களை 'பேஷன்ற்' என்று எழுதுவதும் எங்களுக்குப் பிடிக்காது. பெரியப்பாவுக்கு நோய் இல்லை, கால்தான் ஏலாது.)

இது நாங்கள் கண்டுபிடித்த கருத்து இல்லை. போலியோ வந்து சுவாசக் கருவியின் உதவியோடு வாழ்ந்த எட் ரொபேர்ட்ஸ் என்பவர் 1962இல் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். அவரும் அவருக்குப் பின் வந்த மாணவர்களும் 1972இல் அங்கே சுயாதீன வாழ்வுக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கினார்கள். உதவியாளரை எடுப்பதும், தன் உடம்புக்கு ஏற்றமாதிரிப் பழக்குவதும், சரிவராவிட்டால் நிறுத்துவதும் இயலாமை உள்ளவரின் கையில் இருக்கவேண்டும் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. 2006இல் வந்த ஐ.நா. சமவாயத்தின் 19ஆம் உறுப்புரையில் தனிப்பட்ட உதவி என்பது சமூகத்தில் சுயாதீனமாக வாழ்கிற உரிமையோடு சேர்ந்து வருகிறது. இலங்கை அதை 2016இல் ஏற்புறுதி செய்தது. ஆனால் அரசு தருகிற மாதாந்தக் கொடுப்பனவு ஒரு உதவியாளரின் மாதச் சம்பளத்துக்குக் கிட்டவும் வராது. அதனால் இந்த உரிமை வெளிநாட்டு மாமா உள்ளவர்களுக்கு மட்டும் பாதி கிடைக்கிறது.

வேலை செய்கிறவரின் பக்கம் சட்டம் இன்னும் மோசம். வீட்டு வேலையாட்களுக்கென்று 1871இல் பிரித்தானியர் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தார்கள். வேலையாட்களைப் பதிவு செய்து வைப்பதுதான் அதன் கவலை, அவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கலாம் என்பது அல்ல. 1958இல் வந்த ஊழியர் சேமலாப நிதிக்குள் வீட்டு வேலை அடங்கவில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கான சர்வதேச தொழில் அமைப்பின் 189ஆம் சமவாயம் 2011இல் வந்தது, இலங்கை அதை ஏற்புறுதி செய்யவில்லை. ஒரு வீடு நேரடியாக எடுக்கிற பராமரிப்பாளரும் இந்த வெற்றிடத்துக்குள்தான் விழுகிறார்.

கதைக்கவே தயங்குகிற எல்லை ஒன்று உண்டு. கழுவுவதும் துடைப்பதும் தூக்குவதும் தொடாமல் நடக்காது. அதைச் சாட்டாக வைத்துப் பகிடி விடுகிற, கையைப் பிடிக்கிற ஆண்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னால், "ஏலாத மனிசன்தானே, பொறுத்துக்கொள் பிள்ளை" என்பார்கள். ஏலாதவர் என்பதால் அவர் செய்வது பிழை இல்லை என்று சொல்வது அவரையும் ஒரு முழு மனிதராக எண்ணாத கதைதான். மறுபக்கம், படுக்கையில் இருக்கிற ஒரு பெண்ணைப் பராமரிக்கிறவரே வருத்தினால் அவள் யாரிடம் சொல்வாள்? அவளுடைய தொலைபேசியைத் தூக்கித் தருகிறவரும் அதே ஆள்தான். ஆகவே கூலிக்கு வருகிற உதவியாளர் இருக்கிற எந்த வீட்டிலும், அவரைத் தாண்டி வெளியில் ஒருவரோடு தனியாகக் கதைக்க வழி இருக்கவேண்டும். இதில் நாங்கள் நாலு பேரும் சண்டை பிடிக்கவே இல்லை.

சரி, ஆறு மணிக்கு டியூட்டி முடிகிறது, மாற்றுக்கு வரவேண்டியவர் வரவில்லை, ஆள் ஈரத்தில் கிடக்கிறார். எல்லை என்று சொல்லிவிட்டுப் போகலாமா? போகேலாது. நிற்கத்தான் வேண்டும். ஆனால் நின்ற நேரம் கொப்பியில் எழுதப்படவேண்டும், காசு வரவேண்டும், ஒவ்வொரு கிழமையும் அப்படி நடந்தால் அது தற்செயல் இல்லை, வீடு போடுகிற கணக்கு என்று விளங்கவேண்டும்.

முதல் நாளே ஒரு தாளில் எழுதுங்கள் என்று இப்போது தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறோம். வரும் நேரம், போகும் நேரம், கிழமையில் ஒருநாள் லீவு, என்னென்ன வேலை, படம் எடுக்கலாமா, ஏ.ரி.எம். அட்டை யார் கையில், கடன் கேட்பதும் கொடுப்பதும் இல்லை, நிற்பதானால் எத்தனை நாளுக்கு முதல் சொல்லவேண்டும். பராமரிக்கப்படுகிறவர் கையொப்பம் வைக்கவேண்டும், கை ஏலாவிட்டால் பெருவிரல் அடையாளம் போதும். ஒரு வீட்டில் இந்தத் தாளைக் கண்டு, "இதென்ன பிள்ளை, காணி உறுதியோ?" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு கையொப்பம் வைத்தார்கள்.

தோழியின் வீட்டிலும் இப்போது அப்படி ஒரு தாள் இருக்கிறது, குளிரூட்டிக் கதவில் ஒட்டியபடி. ஞாயிற்றுக்கிழமை அக்கா வரமாட்டா. முதல் இரண்டு ஞாயிறும் வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மூன்றாவது ஞாயிறு, இருபத்தேழு வயதில் முதல் தடவையாக அவளின் அண்ணன், கட்டிலிலிருந்து வீல்செயாருக்கு அவளை எப்படி மாற்றுவது என்று அவளிடமே கேட்டுப் பழகினான். பிறேக் போட மறந்து நல்ல ஏச்சும் வாங்கினானாம்.