கணினி மூலை: இருபத்து மூன்று கேஸைக் காணோம்!

கோலா சுங்கை பாருவில் மாலை மழை பிடித்துக்கொண்டால் எட்டு மணிக்கே கடைவீதி அடங்கிவிடும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடைக் கதவைப் பாதி இறக்கியிருந்தபோது அக்கா மகளின் கார் வந்து நின்றது. வெளிமாநில மருத்துவமனை ஒன்றில் பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். ஆறு நாள் வேலை முடித்த அலுப்பு முகத்தில் தெரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் கைப்பேசியை என் முன் நீட்டினாள்.

"மாமா, இருபத்து மூணு கேஸைக் காணோம்."

வாசகர்களில் பலருக்கு இந்தக் கேஸ் கணக்கு புதிதாக இருக்கலாம். மருத்துவம் படித்து முடித்தவர்கள் நம் நாட்டில் அரசு மருத்துவமனையில் பயிற்சி முடிக்க வேண்டும். ஓராண்டாக இருந்த அந்தப் பயிற்சி 2008-இல் ஈராண்டானது. அறுவை சிகிச்சை, குழந்தை நலம், மகப்பேறு என்று பிரிவுக்கு நான்கு மாதம். ஒவ்வொரு பிரிவிலும் என்ன பார்த்தோம், எதில் உதவினோம், எதை நாமே செய்தோம், யார் மேற்பார்வையில் செய்தோம் என்று பதிவு செய்யவேண்டும். முன்பு அது வெள்ளை அங்கியின் பையில் பிதுங்கிக்கொண்டிருக்கும் தடித்த புத்தகம். இப்போது பல இடங்களில் கைப்பேசிச் செயலி.

அவள் பிரிவில் கேட்பது 60 கேஸ். டைரியில் ஒவ்வொரு நாளும் எத்தனை செய்தாள் என்று எண்ணை மட்டும் குறித்து வைத்திருந்தாள். கூட்டினால் 61. செயலி காட்டியது 38. திங்கட்கிழமை நிபுணரிடம் காட்ட வேண்டும். குறைந்தால் அதே பிரிவில் பயிற்சி நீளும்.

"பிரண்டு ஒருத்தி சொல்றா, ஏதாச்சும் தேதி போட்டு நிரப்பிடுன்னு. யாரு உட்காந்து எண்ணப் போறாங்கன்னு கேக்குறா." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் பதில் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

செயலியின் பெயர் இங்கே வேண்டாம். மருத்துவருக்கு மட்டுமல்ல, பயிற்சியில் இருக்கும் தாதி, பொறியாளர், வழக்கறிஞர் என்று மின்குறிப்பேடு வைத்திருக்கும் எல்லாருக்கும் வரும் கோளாறுகள்தாம் இவை. அன்று நாங்கள் தேடிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், கை வைக்காதீர்கள்

பதிவு காணவில்லை என்றதும் பலர் செய்வது செயலியை அழித்துவிட்டு மறுபடி இறக்குவது. அதுதான் பெரிய தவறு. இன்னும் மேலே போய்ச் சேராத பதிவு கைப்பேசிக்குள் மட்டும் இருக்கலாம். செயலியை அழித்தால் அதுவும் போகும். ஆண்ட்ராய்டில் 'கேஷ்' நீக்கினால் பெரும்பாலும் பாதகமில்லை. பக்கத்திலேயே இருக்கும் 'டேட்டா' நீக்கும் பொத்தான் உள்ளே இருப்பதைத் துடைத்துவிடும். ஐபோனில் 'ஆஃப்லோட்' செய்தால் தரவு தங்கும். 'டிலீட்' செய்தால் தங்காது. கணக்கிலிருந்து வெளியேறுவதும் ஆபத்து. முதல் வேலை, இருப்பதை இருப்பபடியே படம் பிடித்து வைப்பது.

சேமித்தது வேறு, சேர்ந்தது வேறு

"போனை எப்போ மாத்துன?" என்று கேட்டேன். ஆகஸ்டில் என்றாள். பழையது தம்பியிடம் இருக்கிறதாம். நல்ல வேளை, அவன் அதைத் துடைக்காமல் பாட்டு கேட்க மட்டும் வைத்திருந்தான். வீட்டிலிருந்து எடுத்து வரச்சொல்லித் திறந்தோம். 11 பதிவுகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். அறுவைக் கூடத்தில் லைன் கிடைக்காது. அங்கே 'சேமி' என்று அழுத்தினால் பதிவு கைப்பேசிக்குள் உட்காரும். லைன் வந்தபின் மேலே போகவேண்டும். பேட்டரி சேமிப்பு முறை போட்டிருந்தால், திரைக்குப் பின்னால் செயலி ஓடாது. அவள் ஒரு மாதமாகச் செயலியைக் கூடத்துக்குள்தான் திறந்திருக்கிறாள். பதிவின் ஓரத்தில் மேகப்படமோ சுழலும் அம்போ இருந்தால் அது இன்னும் போய்ச்சேரவில்லை என்று பொருள். வாரம் ஒருமுறை வைஃபை உள்ள இடத்தில் செயலியைத் திறந்து, அந்தக் குறி மறையும்வரை காத்திருங்கள். புதுப் போன் வாங்கினால், இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாகும்வரை பழையதை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. லைன் மெதுவாக இருக்கிறதென்று பொத்தானை இரண்டுமுறை தட்டினால் ஒரே கேஸ் இரண்டாக விழும். எண்ணிக்கை கூடினாலும் அது பொய்க்கணக்கு. இரட்டை விழுந்திருக்கிறதா என்று தேதிவாரியாகப் பாருங்கள்.

தேதி புரண்ட கதை

மீதி 12. முதல் சில வாரம் எக்செலில் எழுதி, பிறகு மொத்தமாகச் செயலியில் ஏற்றினாளாம். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நாம் 5/6 என்று எழுதினால் ஜூன் 5. அமெரிக்க முறையில் அது மே 6. அவள் பயிற்சி தொடங்கியது ஜூன் 1. அதனால் 'மே' மாதத்துக்குப் போன பதிவுகளைச் செயலி இந்தப் பிரிவின் கணக்கில் சேர்க்கவே இல்லை. தேடினால் 5 கேஸ் மே மாதத்தில் பத்திரமாக இருந்தன.

இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். 13-ஆம் தேதியையும் அதற்குப் பிந்தையவற்றையும் செயலி ஏற்க மறுத்தது, ஏனென்றால் 13-ஆவது மாதம் கிடையாது. சிவப்பில் காட்டியதை எல்லாம் அவள் உடனே திருத்திவிட்டாள். 12-க்குள் இருந்தவைதான் சத்தமில்லாமல் புரண்டன. சத்தம் போடும் பிழையைவிடச் சத்தம் போடாத பிழையே மோசம்.

எக்செல் பெரிய பெரிய இடங்களையும் இப்படிப் படுத்தியிருக்கிறது. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை அது மார்ச், செப்டம்பர் தேதிகளாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் விஞ்ஞானிகள் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் கோவிட் பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். ஒரு தாளில் 65,536 வரிசைக்கு மேல் அது கொள்ளாது. மீதி கீழே கொட்டியது. 15,841 பேரின் பதிவு உரிய நேரத்தில் கணக்கில் வரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அதனால் தாமதமானது.

ஆகவே தேதியை 2025-06-05 என்று ஆண்டை முன்னால் வைத்து எழுதுங்கள். அல்லது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஏற்றுவதற்கு முன் எத்தனை வரிசை, ஏற்றிய பின் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

எட்டு மணி நேர வித்தியாசம்

இன்னொரு கேஸ் மே 31 இரவு 11.30 என்று கிடந்தது. "அன்னிக்கு நான் வேலைக்கே போகலியே" என்றாள். அவள் செய்தது ஜூன் 1 காலை 7.30-க்கு. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முந்தியது. செயலியின் அமைப்பில் நேர வட்டாரம் கோலாலம்பூர் என்று இல்லாவிட்டால், நாம் காலை எட்டு மணிக்குள் செய்த வேலையெல்லாம் முந்திய நாளில் விழும். பயிற்சியின் முதல் நாள் என்றால் முந்திய பிரிவிலேயே விழும். இரவுப் பணி பார்ப்பவர்கள் இதை இன்றே சரிபாருங்கள்.

கையெழுத்துக்குக் காத்திருப்பவை

இப்போது ஆறுதான் பாக்கி. 'நிலுவை' என்ற பகுதியில் 4 கேஸ். மேற்பார்வையிட்ட மருத்துவர் ஒப்புதல் தந்தால்தான் அவை எண்ணப்படும். இரண்டில் அவருடைய மின்னஞ்சலில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. மற்ற இரண்டை ஒப்புக்கொள்ள வேண்டியவர் வேறு மருத்துவமனைக்கு மாறிப்போய், பழைய முகவரி செத்துவிட்டது. மறுநாள் காலை இருவரையும் தொலைபேசியில் பிடித்தாள். மாலைக்குள் ஒப்புதல் வந்துவிட்டது. செயலி நமக்காக யாரையும் போய்க் கெஞ்சாது. நிலுவையை வாரந்தோறும் பாருங்கள். மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவருடைய குப்பை அஞ்சலில் அது கிடக்கலாம்.

தேடும்போது கண்ணில் பட்ட இரண்டு

ஒன்று, பெயர். நம் அடையாள அட்டையில் 'அ/லெ', 'அ/பெ' என்பதன் மலாய் வடிவம் சாய்கோட்டோடு இருக்கும். வெளிநாட்டுச் செயலிகள் பல அந்தக் கோட்டை ஏற்பதில்லை. விண்டோசிலும் கோப்புப் பெயரில் அந்தக் கோடு வராது. ஓரிடத்தில் கோட்டை விட்டும், ஓரிடத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவும் போட்டால், நாளை சான்றிதழில் இரண்டு ஆட்களாகிவிடுவீர்கள். ஒரே வடிவத்தை முடிவு செய்து எங்கும் அதையே எழுதுங்கள்.

இன்னொன்றுக்காக அவளைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். அந்த எக்செல் தாளில் நோயாளிகளின் அடையாள அட்டை எண்கள் இருந்தன. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். மலாக்கா என்றால் 04. எண்ணைப் பார்த்தாலே ஆளில் பாதி தெரிந்துவிடும். அந்தத் தாளை நான் பார்த்ததே தவறு, கடைக்காரன்தானே நான்? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் வந்து 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நோயாளியின் இரகசியம் காப்பது மருத்துவரின் கடமை. குறிப்பேட்டுக்கு வயது, நோய், செய்த சிகிச்சை போதும். பெயரும் எண்ணும் படமும் வேண்டாம். அங்கேயே அந்த வரிசையை அழிக்க வைத்தேன்.

மீதி இரண்டு

டைரியில் 'ஆகஸ்ட் 19: 2' என்று இருக்கிறது. செயலியில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. பழைய போனிலும் இல்லை. வார்டில் செய்தது என்று நினைவு. யாருக்கு, என்ன என்று நினைவில்லை. ஆக மொத்தம் 59. ஒன்று குறைகிறது.

பிரண்டு சொன்ன வழி அப்போது அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு வரிதானே!

நான் எங்கோ படித்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர், நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். நோயாளிக்கு ஓர் அட்டை போட்டு, என்ன செய்தோம், பிறகு அவர் எப்படி இருக்கிறார் என்று எழுதி வைத்தார். தம் சிறிய மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை பார்த்த 337 நோயாளிகளில் 123 தவறுகள் நடந்ததாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். சக மருத்துவர்களுக்கு அவரைப் பிடிக்காமல் போனது. ஆனால் மருத்துவத்தில் கணக்கு வைக்கும் வழக்கத்துக்கு இன்றும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். எண்ணைக் கூட்டிக் காட்டுவதற்காக அவர் அட்டை எழுதவில்லை.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தார். என் அம்மா, அவளுக்குப் பாட்டி. தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். ஸ்டோரில் பால் நிறுத்ததும் கிராணி புத்தகத்தில் எழுதுவார். அம்மா வீட்டுக்கு வந்து, முருகன் படம் போட்ட நாட்காட்டியில் அதே எடையைப் பென்சிலால் எழுதுவார். ஒருமுறை சம்பளத்தில் ஒருநாள் விட்டுப்போனது. அம்மா நாட்காட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆபீசுக்கே போய்விட்டார். கிராணி தம் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் திருத்திக் கொடுத்தார்.

"ஆபீசுல ஏன் நம்புனாங்க பாட்டி?" என்று கேட்டாள் இவள்.

"வராத நாளை நான் ஒருநாளும் எழுதுனதில்லையே. லீவு போட்ட நாளுக்கும் கோடு போட்டு வெச்சிருந்தேன்" என்றார் அம்மா.

திங்கட்கிழமை 59-ஐயே காட்டினாள். ஒன்று குறைவது ஏன் என்பதையும் சொன்னாள். பதிவு இல்லாததை எண்ண முடியாது என்று நிபுணர் சொல்லிவிட்டார். ஒரு வாரம் கூடுதலாக அதே பிரிவில் வேலை பார்த்து, மூன்று கேஸ் செய்து, 62-ஓடு வெளியே வந்தாள். அந்த ஒரு வாரத்தில் தீபாவளித் துணி எடுக்கப் போகும் திட்டம் கெட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

இந்த வாரம் நீங்கள் செய்யவேண்டியது மூன்றே வேலை. செயலியில் 'பிரதி இறக்கு' என்ற பொத்தானைத் தேடி ஒரு பிரதியைக் கைப்பேசிக்கு வெளியே, கடவுச்சொல் போட்டு வையுங்கள். தேதியும் நேர வட்டாரமும் சரிதானா என்று பாருங்கள். நிலுவையில் கிடப்பவர்களுக்கு ஓர் அழைப்பு விடுங்கள். கூடவே ஒரு சின்ன டைரி வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா மகள் இப்போது எண்ணிக்கையோடு, என்ன கேஸ் என்று இரண்டு சொல்லும் எழுதுகிறாள். நோயாளி பெயர் இல்லாமல்தான்.