பண்பின் பின்னால் ஓர் அறை

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் கற்கத் தொடங்கும் மாணவரிடம், ஒரு பொருளின் பண்பு தன் பெறுமானத்தை எங்கே வைத்திருக்கிறது என்று வினவினால், "பண்பிலேதான்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். சி ஷார்ப் மொழியைப் பொறுத்தவரை அது தவறு. பண்பு எதனையுந் தன்னுள் வைத்திருப்பதில்லை.

கணினியோடு பழகாத பெற்றோர்க்கு ஒரு சொல். ஈண்டு வகுப்பு என்பது நாம் பாடஞ் சொல்லும் வகுப்பன்று. பொருள்கள் எவ்வாறு அமையவேண்டுமென வகுத்துரைக்கும் வார்ப்பு. 'மாணவன்' என்றொரு வகுப்பெழுதி, அதற்குப் 'புள்ளி' என்ற பண்பைக் கொடுத்தோமாயின், அப்பண்பு உண்மையில் இரண்டு சிறு நடைமுறைகளேயாம். ஒன்று பெறுமானத்தை எடுத்துத் தரும். மற்றது கொண்டுபோய் வைக்கும். பெறுமானந் தங்குமிடம் புலம் எனப்படும். சங்கக்கடையின் முகப்பில் நிற்பவரிடம் சீனி கேட்கிறோமேயன்றி, களஞ்சிய அறைக்குள் நாமே நுழைவதில்லை. பண்பு முகப்பு, புலம் களஞ்சியம். 100 மாணவப் பொருள்களை ஆக்கினால் 100 புலங்கள் உண்டாகும். வழக்கமான நிறைவெண்ணாயின் ஒவ்வொன்றுக்கும் 4 பைற்று. நடைமுறைகளோ எல்லாப் பொருள்களுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் இருக்கும்.

2002 இல் இம்மொழி வெளிவந்தபோது, புலத்தையும் இரு நடைமுறைகளையும் எழுதுபவரே எழுதவேண்டியிருந்தது. சலிப்பூட்டும் வேலை. 2007 இல் வந்த மூன்றாம் பதிப்பு, பண்பை ஒரே வரியில் எழுதிவிட இடந்தந்தது. களஞ்சியம் ஒழிந்துவிட்டதா? இல்லை, தொகுப்பான் தானே ஒரு புலத்தை மறைவாக ஆக்கிவைக்கிறது. அதன் பெயர் கோண அடைப்புக்குறியோடு தொடங்கும். மனிதர் எழுதும் பெயர்களில் அக்குறி வரலாகாதென்பது மொழியின் விதி. ஆதலால் இருவகைப் பெயர்களும் ஒருகாலும் மோதா. நல்ல யுக்தி!

மறைவில் இருப்பதனால் அப்புலத்தை மறந்துவிடலாமோ என்றால், அங்கேதான் இடர் வருகிறது. புள்ளி 0 முதல் 100 வரையே இருக்கலாமென்று விதியொன்று சேர்க்க முற்படும் மாணவன், வைக்கும் நடைமுறையைத் தானே எழுதுகிறான். விதியைச் சரியாகவே எழுதுகிறான். ஈற்றில், வந்த பெறுமானத்தைப் 'புள்ளி' யிலேயே வைக்கச் சொல்லிவிடுகிறான். 'புள்ளி' யோ களஞ்சியமன்று, அந்நடைமுறையை அழைக்கும் பெயர். நடைமுறை தன்னையே அழைக்கும். அழைக்கப்பட்டது மீண்டுந் தன்னையே அழைக்கும். ஒவ்வோர் அழைப்பும் அடுக்கு எனும் நினைவகப் பகுதியிற் சிறிது இடம் பிடிக்கும். விண்டோஸில் அது வழக்கமாக 1 மெகாபைற்று அளவினதே. நிரம்பியதும் செய்நிரல் அவ்விடத்திலேயே மாண்டுபோகும்; பிழைகளைப் பிடித்துக் கையாளுவதற்கென எழுதிய வரிகளும் அதனைக் காவா. தொகுப்பான் இதனைத் தவறென்று தடுப்பதுமில்லை. மாணவனோ தன் விதியையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருப்பான். குற்றம் விதியில் இல்லை.

முன்னெல்லாம் இதற்கு மாற்று, தனிப் புலமொன்றைத் தானே எழுதிக்கொள்வதே. 2025 நவம்பரில் வெளிவந்த பதினான்காம் பதிப்பில், தொகுப்பான் ஆக்கிய அம்மறைபுலத்தையே 'ஃபீல்ட்' என்ற சொல்லாற் சுட்டலாம். ஆயினும் கற்பவர் முதலிற் பழைய முறையில் நாலைந்து தரம் எழுதிப் பழகுதல் நன்றென்பேன். களஞ்சியம் கண்முன் நிற்கும்.

களஞ்சியமே இல்லாத பண்புகளும் உண்டு. மாணவனின் மூன்று பாடப் புள்ளிகளைக் கூட்டி மூன்றால் வகுத்துத் தருமாறு 'சராசரி' என்றொரு பண்பை எழுதினால், அதற்கெனப் புலம் எதுவும் ஆக்கப்படுவதில்லை. கேட்குந்தோறும் அது புதிதாகக் கணிக்கப்படுகிறது. கேட்டு முடிந்தபின் அப்பொருளில் எங்கு தேடினும் அவ்வெண் இராது.