பொலி கிடாவும் தீவனமும்

நம் உத்திரமேரூர்ப் பகுதியில் மேயும் சென்னைச் சிவப்புச் செம்மறி, கம்பளிக்கன்றி இறைச்சிக்கே பெயர் பெற்ற இனமாகும். ஆயினும் மந்தையில் பிறந்த கிடாவையே ஆண்டுக்கணக்கில் பொலிக்கு விடும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. தந்தையே மகளோடு சேர்வதால் குட்டிகள் சிறுத்து நலிகின்றன. எத்துணைப் பிண்ணாக்கு இட்டும் இக்குறையை ஈடுசெய்ய இயலாது. நல்ல கிடாவின் குட்டியும் கோடையில் தரிசை மட்டுமே நம்பினால் எலும்பும் தோலுமாகும் என்பது வேறு. வேர்க்கடலைக் கொடியை விற்றுவிடாது சேமித்து, அகத்தித் தழையும் சேர்த்து இட்டால் சதை பற்றும். சந்தைக்குப் பட்டினியாக நெடுந்தூரம் ஓட்டுவதும் கேடே. தசையில் சேர்ந்துள்ள சர்க்கரைச் சத்து தீர்ந்துபோய், இறைச்சி கறுத்து, விரைவில் கெடும். 2 ஆண்டுக்கு ஒருமுறை கிடா மாற்றும் பொறுப்பைச் சங்கமே ஏற்றல் வேண்டும். நான்கைந்து ஆடு வைத்திருப்பவர் தனியே தாங்கும் செலவன்று அது. காட்டுப்பாக்கத்துக் கால்நடை ஆராய்ச்சி நிலையமும் நமக்குத் தொலைவிலில்லை.