ஆல்ஃபா ரோமியோ ஏமாற்றவில்லை

பிரிட்டிஷ் டூரிங் கார் சாம்பியன்ஷிப்பின் 1994-ஆம் ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பலரும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: இத்தாலிக்காரர்கள் காரில் இறக்கையை மாட்டிக்கொண்டு வந்தார்கள், ஏமாற்றிப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். ஆல்ஃபா ரோமியோ 155-இல் வந்த கப்ரியேலே தார்க்வினி முதல் ஐந்து பந்தயங்களையும் வரிசையாக வென்றார் என்பது உண்மை. அந்த இறக்கை அவருக்கு உதவியது என்பதும் உண்மை. ஏமாற்றினார்கள் என்பதுதான் நிற்காத பேச்சு. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, "அந்த இறக்கை சட்டவிரோதமானது" என்பது. அன்றைய சூப்பர் டூரிங் விதிகளின்படி எஞ்சின் 2 லிட்டருக்குள் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 8,500 சுற்றுகளைத் தாண்டக் கூடாது, காரின் வெளிவடிவம் ஷோரூமில் விற்கும் காரின் வடிவமாகவே இருக்க வேண்டும். ஒரு வடிவத்துக்கு அங்கீகாரம் வாங்க 2,500 கார்கள் செய்தாக வேண்டும். ஆல்ஃபா அதைத்தான் செய்தது. 155 'சில்வர்ஸ்டோன்' என்ற பெயரில் சாலைக் கார் ஒன்றை இறக்கியது. அதன் முன்பக்க ஸ்பாய்லரை முன்னே இழுத்து வைக்கலாம். பின் இறக்கையை உயர்த்திப் பொருத்துவதற்கான தாங்கிகளோ, மாட்டப்படாமல் டிக்கிக்குள் கிடந்தன. வாங்கியவர் விரும்பினால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பந்தய அணி விரும்பியது, மாட்டிக்கொண்டது. இது விதியின் நோக்கத்துக்குப் புறம்பானது என்று வாதாடலாம். ஆனால் பந்தய மைதானத்தில் காரைச் சோதிப்பவர் கையில் இருப்பது எழுதிய விதி மட்டுமே.

இரண்டாவது, "புள்ளிகளைப் பறித்தார்களே, அதுவே சான்று இல்லையா?" என்பது. ஃபோர்டும் வாக்ஸாலும் புகார் கொடுத்தன. ஸ்னெட்டர்டன், சில்வர்ஸ்டோன் பந்தயங்களில் ஆல்ஃபா பெற்ற புள்ளிகள் பறிக்கப்பட்டன. இதுவரை சொல்பவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. மேல்முறையீட்டில் அந்தப் புள்ளிகள் திருப்பித் தரப்பட்டன. ஜூலை 1 வரை ஆல்ஃபா மட்டுமல்ல, எந்த நிறுவனமும் இப்படிப்பட்ட நீட்டிப்புகளோடு ஓடலாம் என்றும், அதன்பின் இறக்கையைத் தாழ்த்தியே ஓட வேண்டும் என்றும் முடிவானது. மேல்முறையீட்டில் விடுபட்டவரைக் கீழ்த் தீர்ப்பைக் காட்டிக் குற்றவாளி என்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது, "ஓல்டன் பார்க்கிலிருந்து ஓடிப்போனது குற்றத்தை ஒப்புக்கொண்டதுதான்" என்பது. மே மாதம் அங்கே நடந்த ஏழாவது பந்தயத்துக்கு முன், இறக்கையைத் தாழ்த்து என்றார்கள் அதிகாரிகள். ஆல்ஃபா அணி பந்தயம் தொடங்கும் முன்பே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. டிக்கெட் வாங்கி வந்த ரசிகனுக்கு அது அநியாயம்தான். அந்தக் கோபத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் பிடிபட்ட திருடன் வழக்காடி, பறிபோனதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மீதிப் பருவமும் ஓடுவதில்லை.

நான்காவதுதான் கனமான வாதம்: "இறக்கை இல்லையென்றால் பட்டம் இல்லை." இதற்குக் கணக்கே பதில் சொல்லும். பருவ முடிவில் தார்க்வினிக்கு 298 புள்ளிகள். ரெனோ லகூனா ஓட்டிய ஸ்விட்சர்லாந்துக்காரர் அலென் மெனுவுக்கு 222. வெற்றிக்கு 24 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 18. சர்ச்சைக்குரிய முதல் ஐந்து வெற்றிகளையும் இரண்டாமிடங்களாகக் குறைத்துக்கொள்வோம்: தார்க்வினிக்கு 30 புள்ளி போய் 268 மிஞ்சும். அந்த ஐந்திலும் மெனு ஓர் இடம் முன்னேறியதாகத் தாராளமாக வைத்தாலும் அவருக்குக் கூடுவது அதிகபட்சம் 30, மொத்தம் 252. அப்போதும் பட்டம் தார்க்வினிக்கே. அவருடைய எட்டு வெற்றிகளில் மூன்று ஓல்டன் பார்க் தகராறுக்குப் பின் வந்தவை. பட்டம் முடிவாவதற்குள் ரெனோவும் பி.எம்.டபிள்யூவும் தங்கள் சொந்த இறக்கைகளோடு வந்துவிட்டன.

இங்கேயே இன்னொரு புலம்பலுக்கும் பதில் இருக்கிறது. "மற்றவர்களுக்கு வாய்ப்பே இல்லை" என்கிறார்கள். விதிப் புத்தகம் எல்லா அணிகளிடமும் இருந்தது. பருவத்தின் நடுவில் செய்ய முடிந்ததை ரெனோவும் பி.எம்.டபிள்யூவும் குளிர்காலத்திலேயே செய்திருக்கலாம். முந்தைய ஆண்டு ஜெர்மனியின் டூரிங் கார் தொடரான டி.டி.எம். பட்டத்தை 155-ஐக் கொண்டே வென்ற ஆல்ஃபாவின் பந்தயப் பிரிவு ஆல்ஃபா கோர்ஸே, காற்று காரை எப்படி அழுத்தும் என்று யோசித்து வந்தது. மற்றவர்கள் பிரிட்டனில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்ற தைரியத்தில் இருந்துவிட்டார்கள்.

"அடுத்த ஆண்டு ஆல்ஃபா மண்ணைக் கவ்வியதே" என்பது ஐந்தாவது. கவ்வியது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1995-இல் காரை நடத்தியது ஆல்ஃபா கோர்ஸே அல்ல, பிரிட்டனின் ப்ரோடிரைவ். பருவத்தைத் தொடங்கிய ஓட்டுநர்களில் தார்க்வினியும் இல்லை. அந்த மனிதரின் திறமையில் சந்தேகம் உள்ளவர்கள் பிந்தைய வரலாற்றைப் பார்க்கட்டும்: 2009-இல், 47 வயதில், சியட் காரில் உலக டூரிங் கார் சாம்பியன், 2018-இல், 56 வயதில், ஹூண்டாயில் உலக டூரிங் கார் கோப்பை. அவற்றுக்கும் டிக்கியில் கிடந்த தாங்கிதான் காரணமா?

கடைசியாக, "பருவமே பாழானது" என்பது. 21 பந்தயங்களில் 13-ஐ மற்றவர்கள் வென்ற பருவம் அது. நாக்ஹில் பந்தயத்தில் தார்க்வினியின் கார் உருண்டே போனது. வால்வோ தன் 850 எஸ்டேட் காரை, குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும் வண்டியை, பந்தயத்தில் விட்டது. கேலி செய்தவர்களுக்காக அணிவகுப்புச் சுற்றில் பின்பக்கம் ஒரு பொம்மை நாயையும் உட்காரவைத்தது. ரசிகர்கள் இன்றும் அந்தப் பருவத்தைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் அது பாழான பருவம் அல்ல.

குறை சொல்லியே ஆக வேண்டும் என்றால் ஓட்டையோடு விதி எழுதியவர்களைச் சொல்லுங்கள்; அதைக் கவனமாகப் படித்தவர்களை அல்ல. 1995-இல் எல்லா அணிகளுக்கும் இறக்கை அனுமதிக்கப்பட்டது. அப்படி இறக்கை வைத்த வாக்ஸால் கவாலியரில்தான் ஜான் கிளீலண்ட் பட்டம் வென்றார். ஏமாற்று வேலையை யாரும் அடுத்த ஆண்டே விதியாக எழுதிவைப்பதில்லை.